சிம்ஸ் 4 மக்கர் பண்ணினால்: அழித்துவிட்டு மறுபடி இறக்காதீர்கள்

கணினியில் வீடு கட்டி, குடும்பங்களை வாழவைத்து ஆடும் சிம்ஸ் 4 ஆட்டத்தில் சின்னக் கோளாறு வந்தாலும் நம்மூரில் முதலில் செய்வது, ஆட்டத்தை மொத்தமாக அழித்துவிட்டு மறுபடி இறக்குவதுதான். நாளுக்கு 1.5 ஜிபி தரும் மொபைல் பேக்கில் 25 ஜிபி இறக்க 17 நாள் ஆகும். அத்தனை பாடுபட்ட பிறகும் அதே கோளாறு அப்படியே வந்து நிற்கும்.

ஆட்டம் இரண்டு இடத்தில் குடியிருப்பதுதான் காரணம். நீங்கள் இறக்கிய ஆட்டம் ஓரிடத்தில் இருக்கிறது. உங்கள் குடும்பங்கள், சேவ்கள் (ஆடியதைச் சேமித்த கோப்புகள்), மாட்கள் (மற்றவர்கள் எழுதித் தரும் கூடுதல் கோப்புகள்), செட்டிங்குகள் எல்லாம் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் ‘எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்’, அதற்குள் ‘தி சிம்ஸ் 4’ என்ற ஃபோல்டரில் இருக்கின்றன. அன்இன்ஸ்டால் செய்தால் முதலாவதுதான் போகும், இரண்டாவதை அது தொடுவதே இல்லை. கோளாறு பெரும்பாலும் இருப்பதோ இரண்டாவதில்.

எனவே எந்த அறிகுறிக்கும் முதல் சோதனை ஒன்றுதான். ஆட்டத்தை மூடிவிட்டு, ‘தி சிம்ஸ் 4’ ஃபோல்டரை அப்படியே டெஸ்க்டாப்புக்கு நகர்த்துங்கள். ஆட்டத்தைத் திறந்தால் அது புத்தம்புது ஃபோல்டர் ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். அதில் ஒரு புதுக் குடும்பத்தைப் போட்டு ஐந்து நிமிடம் ஆடிப் பாருங்கள். கோளாறு வரவில்லை என்றால் பழைய ஃபோல்டரில்தான் ஏதோ கெட்டிருக்கிறது. அப்போதும் வந்தால் மட்டும் ஆட்டக் கோப்புகளைச் சந்தேகப்படலாம். இஏ ஆப் வழியாக இறக்கியிருந்தால் அதில் ஆட்டத்துக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு ‘ரிப்பேர்’ கொடுங்கள். ஸ்டீம் வழியாக இறக்கியிருந்தால் அங்கே இதற்கு ‘வெரிஃபை இன்டெக்ரிட்டி’ என்று பெயர். கெட்ட கோப்பை மட்டும்தான் அது மறுபடி இறக்கும்.

ஒரு குறிப்பு: இங்கே தமிழில் எழுதியிருக்கும் கோப்புப் பெயர், மெனுப் பெயர், சீட் (ஆட்டத்துக்குள் தட்டும் கட்டளை) எல்லாம் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும், அப்படித்தான் தட்டவும் வேண்டும்.

“கரண்டு போச்சு, வந்து பாத்தா சேவ் திறக்க மாட்டேங்கு”

சேவ் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு பாதியில் அறுந்துவிடும். பதற வேண்டாம். ஒவ்வொரு சேவுக்கும் ஆட்டமே ஐந்து பழைய பிரதிகளை வைத்திருக்கிறது.

முதலில் ஆட்டத்துக்குள்ளேயே முயலுங்கள். முதல் திரையில் ‘லோடு கேம்’ போய், கெட்ட சேவைத் தேர்ந்தெடுத்தால் பழைய பதிப்பை மீட்கும் பொத்தான் கிடைக்கும். அதில் தேதியும் நேரமும் பார்த்து ஒன்றை எடுத்து, வேறு பெயரில் சேமியுங்கள்.

அதுவும் திறக்காவிட்டால் கையால் செய்யலாம். ‘சேவ்ஸ்’ ஃபோல்டரை முழுதாக வேறிடத்துக்கு நகலெடுத்து வைத்துக்கொண்ட பிறகே கை வையுங்கள். உள்ளே ‘ஸ்லாட்’ என்று தொடங்கி எட்டு இலக்க எண்ணோடு ‘.சேவ்’ என முடியும் கோப்புகள் இருக்கும். 00000002 என்ற எண்ணில் உங்கள் குடும்பம் இருக்கிறது என்றால், அதே எண்ணில் ‘.சேவ்.வெர்0’ முதல் ‘.சேவ்.வெர்4’ வரை ஐந்து கோப்புகள் பக்கத்திலேயே இருக்கும். வெர்0 கடைசிக்கு முந்தையது, வெர்4 மிகப் பழையது. கெட்ட ‘.சேவ்’ கோப்பை டெஸ்க்டாப்புக்கு நகர்த்திவிட்டு, வெர்0 கோப்பின் பெயர் இறுதியிலுள்ள ‘.வெர்0’ என்பதை மட்டும் அழியுங்கள். திறக்கவில்லையா, வெர்1-ஐ அதே மாதிரி மாற்றிப் பாருங்கள். விண்டோஸில் கோப்பு வால் தெரியவில்லை என்றால் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’ போய் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். வால் மறைந்திருக்கும்போது பெயர் மாற்றினால் பெயர் தப்பாக அமைந்து, ஆட்டம் அதைத் திரும்பியும் பார்க்காது.

இன்னொரு முறை இப்படி ஆகாமலிருக்க, ‘சேவ்’ என்பதை மட்டும் அமுக்காமல் ஆட்டத்தில் ஒரு வாரம் முடிந்ததும் ‘சேவ் ஆஸ்’ கொடுத்துப் புது ஸ்லாட் போடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் டெஸ்க்டாப் ஓடினால் இன்வெர்ட்டரின் பின்பக்கம் ‘யுபிஎஸ் மோடு’ சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அது சாதாரண மோடில் இருந்தால், கரண்ட் மாறும் அந்தக் கண்சிமிட்டும் நேரத்திலேயே கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். ஆனி ஆடிக் காற்றில் லைன் விட்டு விட்டு வரும் ஊர்களில் இது தினப்படித் தொல்லை.

கரண்ட் போகாமலே சேவ் காணாமல் போகிறது என்றால் ஒன்டிரைவைப் பாருங்கள். புது லேப்டாப்பில் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை அது தன்னிடம் இழுத்து வைத்திருக்கும். இலவச இடம் நிரம்பிவிட்டாலோ, ஆட்டம் எழுதும் நேரத்தில் அது மேலேற்றிக்கொண்டிருந்தாலோ சேவ் தடுமாறும். ஒன்டிரைவ் செட்டிங்கில் டாக்குமென்ட்ஸ் பேக்கப்பை நிறுத்துங்கள். நிறுத்தியதும் டாக்குமென்ட்ஸ் காலியாகத் தெரியலாம். கோப்புகள் எங்கும் போய்விடவில்லை, ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும். அங்கிருந்து ‘எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்’ ஃபோல்டரை எடுத்து இங்கே போட வேண்டும். சேவ் செய்யும்போதே பிழை வந்தால் விண்டோஸ் செக்யூரிட்டியின் ‘ரான்சம்வேர் புரொடெக்ஷன்’ பகுதியில் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ ஓடுகிறதா என்று பார்த்து, ‘டிஎஸ்4_எக்ஸ்64’ என்ற நிரலுக்கு அனுமதி கொடுங்கள்.

“அப்டேட் வந்ததுலருந்து ஒண்ணும் சரியில்ல”

பட்டன்களைக் காணவில்லை, மெனு வெள்ளையாக வருகிறது, சட்டை பாவாடை எல்லாம் சிவப்பு வெள்ளைக் கேள்விக்குறியாகத் தெரிகிறது. மூன்றுக்கும் பழைய மாட்தான் காரணம். ஆட்டம் ஒவ்வொரு பேட்சுக்கும் (அப்டேட்டுக்கும்) மாட்களைத் தானாகவே அணைத்து வைப்பது இதற்காகத்தான். அதை மறுபடி இயக்க ‘கேம் ஆப்ஷன்ஸ்’, ‘அதர்’ போய் இரண்டு டிக் போட வேண்டும்: ஒன்று கஸ்டம் கன்டென்டுக்கு (மற்றவர்கள் செய்த உடை, சாமான் போன்றவை), இன்னொன்று ஸ்கிரிப்ட் மாட்களுக்கு (ஆட்டம் நடக்கும் விதத்தை மாற்றுபவை). பிறகு ஆட்டத்தை மூடித் திறக்க வேண்டும். பலர் முதல் டிக்கோடு நிறுத்திவிட்டு, ‘மாட் வேலை செய்யல’ என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டும் போட்டும் ஓடவில்லையா? மூன்று விஷயம் பாருங்கள். ஜிப், ரார் கோப்புகளை ஆட்டம் படிக்காது, பிரித்துப் போட வேண்டும். ஆனால் ‘.டிஎஸ்4ஸ்கிரிப்ட்’ கோப்பைப் பிரிக்கக் கூடாது, அப்படியே இருக்க வேண்டும். அந்த ஸ்கிரிப்ட் கோப்பு ‘மாட்ஸ்’ ஃபோல்டரிலோ அதற்குள் ஒரே ஒரு ஃபோல்டர் ஆழத்திலோதான் இருக்கலாம். ‘.பேக்கேஜ்’ கோப்பு மட்டும் ஐந்து ஃபோல்டர் ஆழம்வரை போகலாம். உடை, தலைமுடி, மாட் என்று அழகாக அடுக்கி வைப்பவர்களுக்குத்தான் இந்தப் பிழை அதிகம் வரும்.

எந்த மாட் கெட்டது என்று தெரியாதபோது பாதிப்பாதி முறைதான் வழி. 200 கோப்பு இருந்தால் 100-ஐ டெஸ்க்டாப்புக்கு எடுத்துவிட்டுத் திறந்து பாருங்கள். கோளாறு இருந்தால் உள்ளே இருக்கும் 100-இல் குற்றவாளி இருக்கிறது. போய்விட்டால் வெளியே இருக்கும் 100-இல். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 200 கோப்புக்கு எட்டே முறை திறந்து மூடினால் ஆள் அகப்பட்டுவிடும். ஒவ்வொரு முறையும் திறப்பதற்கு முன் ‘லோக்கல்தம்ப்கேஷ்.பேக்கேஜ்’ கோப்பை அழித்துவிடுங்கள். அது வெறும் கேஷ்தான் (தற்காலிகக் கோப்பு), ஆட்டம் திரும்ப எழுதிக்கொள்ளும். அழிக்காவிட்டால் வெளியே எடுத்த மாட்டின் நிழல் உள்ளேயே இருந்து, தேடலைத் தப்பான பாதிக்குத் தள்ளிவிடும்.

இதில் ஒரு கண்டிப்பு உண்டு. பாதி மாட் வெளியே இருக்கும்போது உங்கள் சொந்தக் குடும்பத்தைத் திறந்து சேவ் செய்யாதீர்கள். இல்லாத சேலையையும் இல்லாத கட்டிலையும் ஆட்டம் கழற்றிப் போட்டுவிட்டு, அப்படியே சேமித்துவிடும். சோதனைக்கென்று தனியாக ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே மாட்டின் இரண்டு பதிப்பு உள்ளே கிடப்பதும் அடிக்கடி நடக்கும். எம்சி கமாண்ட் சென்டர் மாதிரி பல கோப்பு கொண்ட மாட்களைப் புதுப்பிக்கும்போது பழைய ஃபோல்டரை முழுதாக அழித்த பிறகே புதியதைப் போடுங்கள். ‘லாஸ்ட்எக்ஸெப்ஷன்’ என்ற டெக்ஸ்ட் கோப்பு புதிதாக முளைத்திருந்தால் ஏதோ ஒரு மாட் இடறியிருக்கிறது என்று பொருள். அதைப் படித்துச் சொல்ல பெட்டர் எக்ஸெப்ஷன்ஸ் என்ற மாட் உதவும்.

பென்டிரைவில் கைமாறி வரும் கிராக் (திருட்டு) பதிப்பில் இந்த வழிமுறை எதையும் நம்ப முடியாது. அதன் பேட்ச் எண் ஒன்று, மாட் எதிர்பார்க்கும் எண் வேறு. அடிப்படை ஆட்டம் 2022 அக்டோபர் 18 முதல் இலவசம். அதைக் கிராக்கில் ஆடுவது, வீட்டுக்குள் தாமிரபரணித் தண்ணி வரும்போது வெளியே காசு கொடுத்து வாங்குவது மாதிரி.

“அடுப்புகிட்டப் போயி கையை ஆட்டிக்கிட்டே நிக்கா”

இதில் பிழை ஆட்டத்தில் இல்லை, நீங்கள் கட்டிய வீட்டில். சிம் (ஆட்டத்திலுள்ள ஆள்) கையை வீசிக் காட்டி, தலைக்கு மேல் நினைப்புக் குமிழி வந்தால் ‘எனக்குப் போக வழியில்லை’ என்று அர்த்தம்.

அடுப்பு, பிரிட்ஜ், சிங்க் மூன்றின் முன்னாலும் ஒரு முழுக் கட்டம் காலியாக இருக்க வேண்டும். அதைவிட அடிக்கடி தவறுவது கௌண்டர். காய் நறுக்கக் கௌண்டரில் வெற்றிடம் தேவை. அம்மி, சருவப்பானை, மிக்ஸி, ஊறுகாய் ஜாடி என்று அழகுக்காக எல்லாக் கௌண்டரையும் நிரப்பினால் சிம்முக்குச் சமைக்க இடமே இல்லை. அடுப்பை ஒட்டிய ஒரு கௌண்டரையாவது மொட்டையாக விடுங்கள்.

சாமான்களை நெருக்கிவைக்க ‘பிபி.மூவ்ஆப்ஜெக்ட்ஸ் ஆன்’ சீட்டை எல்லோரும் பயன்படுத்துகிறோம். அது சாமானை ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து வைக்க விடும். ஆனால் அந்தச் சாமான் தரையில் மறித்து நிற்கும் இடத்தை அது குறைப்பதில்லை. கண்ணுக்கு இடைவெளி தெரியும், ஆட்டத்துக்கு அது சுவர். திண்ணைத் தூணைத் தலைவாசலுக்கு நேரே கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தால் வீட்டுக்குள் ஒருவரும் வரமுடியாமல் போவது இதனால்தான். திண்ணையை மேடைக் கருவியில் உயர்த்திக் கட்டியிருந்தால் ஏறப் படியும் வேண்டும், படிக்கு மேலும் கீழும் ஒரு கட்டம் வெறுமையாகவும் இருக்க வேண்டும். மச்சுக்குப் போகும் படிக்கும் இதே கணக்கு. சதுர அடைப்புக்குறிச் சாவியால் பெரிதாக்கிய நாற்காலி, கட்டில் ஆகியவையும் பல நேரம் பயன்படுத்த முடியாதவை ஆகிவிடும். அவற்றை அழகுக்கு மட்டும் வையுங்கள்.

எங்கே மறிக்கிறது என்று கண்டுபிடிக்கச் சாமானை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டாம். லைவ் மோடில் (கட்டுவதை விட்டு ஆடும் நிலையில்) ஒரு சிம்மைத் தேர்ந்தெடுத்து, தெருவிலிருந்து திண்ணை, ரேழி, முற்றம், அடுப்படி என்று ஒவ்வொரு தரையாகத் தொட்டு ‘கோ ஹியர்’ கொடுங்கள். எந்த இரண்டு தரைக்கு நடுவில் கையை வீசுகிறாளோ, அங்கேதான் சங்கதி. கதவு பூட்டியிருக்கிறதா என்பதையும் கதவைத் தொட்டுப் பாருங்கள். விருந்தாளி வரக்கூடாது என்று பூட்டியது வீட்டாளையும் சேர்த்து மறித்திருக்கலாம்.

“முற்றத்துல மழையே விழ மாட்டேங்கு”

நம்மூர் முற்றம் வைத்த வீட்டைக் கட்டுகிறவர்களுக்கு மட்டும் வரும் அறிகுறி. நான்கு பக்கமும் சுவர் சேர்ந்துவிட்டால் ஆட்டம் அதை அறை என்று எடுத்து மேலே தளம் போட்டுவிடும். மேலே தளம் இருக்கும்வரை அது உள் இடம்தான், மழை விழாது. முற்றத்தை அறையாகத் தேர்ந்தெடுத்து, மேல்தளத்தை நீக்கும் பொத்தானை அமுக்குங்கள். அல்லது ஒரு மாடி மேலே போய் அந்தக் கட்டங்களின் தரையை அழியுங்கள். கூரையைத் தானாகப் போட விட்டிருந்தால் அது முற்றத்தையும் மூடியிருக்கும். முற்றத்தைச் சுற்றி நான்கு தனிக் கூரையாகப் போடுவதுதான் சரி. மழையே சீசன்ஸ் என்ற கூடுதல் பேக் இருந்தால்தான் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

“ஆளு நட்டுவச்ச மாதிரி நிக்கான், மணி மட்டும் ஓடுது”

ஒரே ஆள் மட்டும் உறைந்திருந்தால் ரீசெட் போதும். கண்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அமுக்கி ‘டெஸ்டிங்சீட்ஸ் ட்ரூ’ தட்டுங்கள். பிறகு ஷிஃப்ட் அமுக்கியபடி ஆளைத் தொட்டு ‘ரீசெட் ஆப்ஜெக்ட்’ கொடுங்கள். ஆளே கண்ணில் படவில்லை என்றால் ‘ரீசெட்சிம்’ என்று தட்டி இடைவெளி விட்டுப் பெயரைத் தட்ட வேண்டும். இங்கேதான் நம்மவர்கள் இடறுவார்கள். அந்தச் சீட் முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டையும் கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதால் கடைசிப் பெயர்க் கட்டத்தில் இனிஷியலைப் போட்டு வைத்திருப்போம். பேச்சி என்பவளுக்கு எஸ் என்று போட்டிருந்தால் ‘ரீசெட்சிம் பேச்சி எஸ்’ என்று முழுதாகத் தட்டினால்தான் அசைவாள். ‘எஸ்’ஸுக்குப் பின் புள்ளி வைத்திருந்தால் அந்தப் புள்ளியும் வேண்டும்.

வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் தயங்கித் தயங்கி நின்றால், மூன்றாம் வேகமும் முதல் வேகமும் ஒன்றுபோலத் தெரிந்தால், அது சிமுலேஷன் திணறல். கிராஃபிக்ஸைக் குறைத்தால் தீராது. ஆட்கள் அடுத்து என்ன செய்வது என்று கணக்குப் போடத்தான் நேரமாகிறது. இன்வென்டரியில் குவிந்த பழமும் விதையும் விற்கப்பட வேண்டும், தரையில் கிடக்கும் எச்சில் தட்டு போக வேண்டும், 64-க்கு 64 மனையில் குடியிருப்பவர்கள் சின்ன மனைக்கு மாறலாம். மாட்களில்லாத புதுச் சேவில் திணறல் இல்லையென்றால் மேலே சொன்ன பாதிப்பாதி முறைக்குத் திரும்புங்கள்.

“அத்தை மவளத் தொட்டா காதல் மெனுவே வரல”

நெருங்கிய ரத்த உறவு என்று குடும்ப மரத்தில் பதிந்துவிட்டால் அவர்களுக்குள் காதல் பேச்சை ஆட்டம் திறக்காது. முறைப்பெண், பங்காளி மகள் என்ற நம் கணக்கு அதற்குத் தெரியாது, இரண்டுக்கும் அது வைத்திருப்பது கஸின் என்ற ஒரே சொல். முறை மாப்பிள்ளைக்குக் கட்டிவைக்கும் எண்ணம் இருந்தால் ஆட்களை உருவாக்கும்போதே அப்பாவையும் அத்தையையும் உடன்பிறந்தவர்களாகக் குறிக்காமல் விட்டுவிடுங்கள். வயதையும் பாருங்கள். டீன் வயதுக்காரருக்கும் வளர்ந்தவருக்கும் நடுவில் அந்த மெனு எப்போதும் வராது, வரவும் கூடாது.

கூட்டுக் குடும்பத்துக்கு இன்னொரு தடை, ஒரு வீட்டில் எட்டுப் பேர்தான். ஒன்பதாவது ஆளாகத் தாத்தாவைச் சேர்க்க முடியவில்லை என்றால் அது பிழையல்ல. பக்கத்து மனையில் குடிவைத்து, தினம் வரச்சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

“இறக்குன வீடு லைப்ரரியில இல்ல”

வீட்டுக் கோப்புகள் ‘மாட்ஸ்’ ஃபோல்டருக்கல்ல, ‘டிரே’ ஃபோல்டருக்குப் போக வேண்டும். ஒரு வீட்டுக்குப் பல கோப்பு உண்டு, ஒன்று விடுபட்டாலும் வீடு தெரியாது. எல்லாம் இருந்தும் தெரியவில்லை என்றால் லைப்ரரி வடிகட்டியின் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் கஸ்டம் கன்டென்டைச் சேர்க்கும் டிக்கைப் போடுங்கள். பாதிப்பேருக்கு இதோடு முடிந்துவிடும்.

“லேப்டாப் அடுப்பாக் கொதிக்கு”

சித்திரை வெயிலில் பாளையங்கோட்டை மாடி அறையில், மெத்தை மேல் லேப்டாப்பை வைத்து ஆடினால் எந்த ஆட்டமும் திக்கும். சூடு ஏறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால்தான் முதல் இருபது நிமிடம் நன்றாக ஓடி, பிறகு படுக்கிறது. தொடக்கத்திலிருந்தே திக்கினால் சூடு காரணமல்ல. இரண்டு கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் ஆட்டம் பலவீனமானதைப் பிடித்திருக்கலாம். விண்டோஸ் செட்டிங்ஸில் ‘டிஸ்ப்ளே’, ‘கிராஃபிக்ஸ்’ போய் டிஎஸ்4_எக்ஸ்64-ஐச் சேர்த்து ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ கொடுங்கள். பிறகு ஆட்டத்தில் ‘லேப்டாப் மோடு’ போட்டு, ‘அன்கம்ப்ரெஸ்டு சிம் டெக்ஸ்ச்சர்ஸ்’ டிக்கை எடுத்து, ரிஃப்ளெக்ஷன்களைக் குறையுங்கள். மெத்தையை விட்டு மேஜைக்கு மாறுங்கள். காற்றுக் காலம் முடிந்ததும் ஃபேன் துவாரத்துப் புழுதியைத் தட்டிவிடுங்கள்.

“திடீர்னு வீடே இருட்டாயிட்டு”

கட்டாத பில்தான் காரணம். ஆட்டத்திலுள்ள தபால் பெட்டியைத் தொட்டுக் கட்டுங்கள், லைட் வந்துவிடும். மனை, சாமான் மதிப்பு கூடக்கூடப் பில்லும் கூடும்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைக் காலிசெய்து போவதும், நீங்கள் ஆடாத குடும்பத்தில் பிள்ளை பிறப்பதும் ‘நெய்பர்ஹுட் ஸ்டோரீஸ்’ வேலை. பிடிக்காவிட்டால் குடும்பம் குடும்பமாக அணைக்கலாம்.

கடைசியாக, அடுப்படியில் சிங்க் இருக்கும்போது எச்சில் தட்டைக் குளியலறைக்குத் தூக்கிப் போவது. எந்தக் கழுவு தொட்டியையும் ஆட்டம் பாத்திரம் தேய்க்கும் இடமாகவே எண்ணுகிறது. சாப்பிடும் ஹாலில் கை கழுவ ஒரு பேசின் வைத்தால் பெரும்பாலும் பாத்திரம் அங்கே போய்விடும். குளியலறைப் பக்கம் போவது குறையும், அடியோடு நிற்காது.